தொட்டிக்குள் விட்ட ஆமை

பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நான் பன்னிரண்டு வருடம் ஆமையைப் பற்றிப் படிப்பித்திருக்கிறேன். கடலாமை, நன்னீராமை, தரையாமை என்று கரும்பலகையில் மூன்று படம் கீறி, கால்களுக்கு மட்டும் நிறச் சோக்கால் தீட்டுவேன். கடலாமைக்குத் துடுப்புக் கால், நன்னீராமைக்கு விரல்களுக்கு நடுவே சவ்வு, தரையாமைக்கு யானையின் கால்போலத் தூண் கால். இந்த வித்தியாசத்தைப் பரீட்சையில் எழுதாத பிள்ளைகளுக்கு அடிமட்டத்தால் அடித்தும் இருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வருவதைப் படித்துவிட்டு, பாவம், தெரியாமல் செய்துவிட்டாள் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேசக் கூடாது.

தொண்ணூற்றைந்தின் கடைசியில் சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்திலிருந்து கடலேரி தாண்டி வந்த சனத்தோடு நானும் கணவரும் வன்னிக்கு வந்து, முத்தையன்கட்டுக் குளத்தின் கீழிருந்த ஒரு குடியேற்றத்திட்டக் காணியில் ஒதுங்கினோம். காணிக்காரப் பெண் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நான் அக்கா என்றேன், அவர் என்னை ரீச்சர் என்றார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. கணவர் அநேகமாக வயல் காவலில்தான் இருப்பார். முன்பின் தெரியாத எங்களுக்கு வளவின் ஒரு மூலையில் கிடுகுக் கொட்டில் போட்டுத் தந்து, தங்கள் கிணற்றையும் பசுவின் பாலையும் எங்களோடு பங்கிட்டுக்கொண்டார்கள்.

எனக்கு நன்றி இருந்தது. கூடவே இன்னொன்றும் இருந்தது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் வன்னிச் சனத்தைப் பற்றிக் கதைக்கும்போது எப்படி உதட்டைச் சுழிப்போமோ, அந்தச் சுழிப்பை நான் கடலேரிக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வரவில்லை. அக்காவின் தகப்பனும் எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து காணி கிடைத்துப் போனவர்தான் என்று தெரிந்த பிறகும், காட்டுக்குள் இருந்து இருந்து இவர்களுக்கு ஒன்றும் தெரியாமல் போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வளவில் ஓர் ஆமை திரிந்தது. கறுத்த முதுகில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் நட்சத்திரமாக ஓடியிருக்கும். அக்கா கலியாணம் முடித்து வந்து காடு வெட்டிய காலத்தில் பற்றைக்குள் கண்டெடுத்ததாம். காலையில் குசினி வாசலுக்கு வந்து நிற்கும். பழுத்த பப்பாப்பழத் துண்டும் செவ்வரத்தம்பூவும் தின்னும். அக்கா தேங்காய் துருவும்போது அதோடு வயல் கதையெல்லாம் கதைப்பார். ஆமையை வீட்டில் வைத்திருப்பது ஆகாது என்று நம் சனம் சொல்லுமே, உங்களுக்குப் பயமில்லையா என்று ஒருநாள் கேட்டேன். அது வீட்டுக்குள் வரவில்லை, அதன் காட்டுக்குள் நாங்கள்தான் வீட்டைக் கட்டினோம் என்று சிரித்துவிட்டுத் துருவலைத் தொடர்ந்தார்.

தை மாதம் என் கணவருக்கு இரண்டாம் முறை மலேரியா வந்தது. மழை விட்டும் விடாத நாட்கள். ஒரு காலையில் அவருக்குக் குடிநீர் அள்ளப் போன நான் கிணற்றடியில் மாடு தண்ணீர் குடிக்கும் சீமெந்துத் தொட்டியை எட்டிப் பார்த்தேன். விளிம்புவரை மழைத் தண்ணீர். அதில் நுளம்புக் குடம்பிகள். நீர்மட்டத்துக்குச் சமாந்தரமாகப் படுத்துக் கிடந்தன. சமாந்தரமாகக் கிடந்தால் மலேரியா நுளம்பின் குடம்பி, தலைகீழாகத் தொங்கினால் மற்றது. இதுவும் நான் படிப்பித்ததுதான். கொட்டிலுக்குள் என் மனிதர் சாக்குகளுக்குக் கீழே நடுங்கிக்கொண்டிருக்க, இங்கே அடுத்த படை தயாராகிறது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் யாழ்ப்பாணத்து வீட்டுக் கிணற்றில் ஓர் ஆமை இருந்தது. அங்கே பல வீடுகளில் அப்படித்தான். பூச்சி புழுவைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கும் என்று பிடித்து விடுவார்கள். வாளி விழும் சத்தம் கேட்டால் கல்லுப் பொந்துக்குள் ஒளிந்துகொள்ளும். ஆமை என்றால் கிணற்றில் இருப்பது, கிணற்றில் ஆமை இருந்தால் நுளம்பு இல்லை. சின்ன வயதில் பதிந்தது அது. பாடப் புத்தகம் அதற்குப் பிறகு வந்தது. கோபம் வந்தபோது முதலில் கைக்கு வந்தது சின்ன வயதில் பதிந்ததுதான்.

கையில் ஆமையை வைத்துக்கொண்டு அதற்குப் பூவும் பழமும் தீத்துகிறார்களே தவிர, அதனால் என்ன பயன் என்று இந்தச் சனத்துக்குத் தெரியவில்லையே என்று நினைத்தேன். அக்கா வயலில் புல்லுப் பிடுங்கப் போயிருந்தார். கேட்டுச் செய்யவேண்டும் என்ற எண்ணமே வரவில்லை. செவ்வரத்தையின் கீழ் நின்றதைத் தூக்கிக்கொண்டு போய்த் தொட்டிக்குள் விட்டேன். தூக்கும்போது அதன் கால்கள் என் கண்ணுக்கு நேரே காற்றில் அளைந்தன. தடித்த, செதில் வைத்த, சவ்வில்லாத தூண் கால்கள். குடம்பி படுத்திருக்கும் கோணம் தெரிந்த எனக்கு அந்தக் கால் தெரியவில்லை.

ஆமை தாழ்ந்து, திரும்ப மேலே வந்தது. சீமெந்துச் சுவரை நகங்களால் பிறாண்டியது. நீந்துகிறது என்று திருப்தியோடு கொட்டிலுக்குப் போனேன். கணவருக்குக் குளிர் ஏறியிருந்தது. கால்களைத் தேய்த்து, கஞ்சி வைத்து, சத்தி எடுத்ததைத் துடைத்து, எல்லாம் முடிய ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகியிருக்கும். பிறாண்டும் சத்தம் நின்றுவிட்டது என்பது அப்போதுதான் உறைத்தது.

ஓடிப்போய்ப் பார்த்தபோது ஒரு பக்கமாகச் சரிந்து மிதந்தது. மூக்கு நுனி மட்டும் தண்ணீருக்கு வெளியே நின்று நின்று தாழ்ந்தது. தூக்கியதும் வாயாலும் மூக்காலும் தண்ணீர் வடிந்தது. கழுத்து தொங்கிப் போயிருந்தது. சேலைத் தலைப்பால் துடைத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். நெடுநேரத்துக்குப் பிறகு கண்ணைத் திறந்து தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. செத்துப்போகவில்லை என்று கண்டதும் எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து அடுப்பை மூட்டினேன். தொட்டித் தண்ணீரை வாளியால் இறைத்துக் கொட்டினேன். கால் மணித்தியாலம் எடுத்தது. முதலிலேயே அதைச் செய்திருக்கலாம் என்பதை என் கணவர் பிறகு சொல்லிக்காட்டத் தேவை இருக்கவில்லை.

அவர் கிடுகு இடைவெளியால் பார்த்திருந்தார். காய்ச்சல் இறங்கிய பின்னேரம், சொல்லிப்போட்டீரோ என்று கேட்டார். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். மறுநாளும் கேட்டார். அவர்கள் எங்களை எழுப்பிவிட்டால் இந்த மழைக்குள் எங்கே போவது என்று திருப்பிக் கேட்டேன். அக்கா அப்படிச் செய்யக்கூடியவர் அல்ல என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். எனக்கிருந்த பயம் அது அல்ல. சயன்ஸ் ரீச்சர் தரையாமையைத் தண்ணீருக்குள் விட்டாள் என்று, காட்டுச் சனம் என்று நான் நினைத்திருந்தவர்கள் முன்னால் சொல்ல என் வாய் வரவில்லை. அவ்வளவுதான்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ அக்கா என்னைக் குசினி வாசலுக்குக் கூப்பிட்டார்.

"ரீச்சர், இதை ஒருக்கா வந்து பாருங்கோ. மூக்கால நுரை வருது. ரெண்டு நாளாப் பூவையும் தொடுதில்லை."

மூக்குத் துவாரங்களில் சிறு குமிழ்கள் வந்து உடைந்தன. கண் இமை வீங்கி இருந்தது. கழுத்தை முழுதாக வெளியே நீட்டி, வாயைத் திறந்து மூச்சு எடுத்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே மெல்லிய சீழ்க்கைச் சத்தம். எனக்குப் பார்த்த உடனேயே விளங்கியது. ஆமைக்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே மனிதருக்கு உள்ளதுபோன்ற பிரிமென்றகடு இல்லை. அதனால் இருமித் துப்ப முடியாது. நுரையீரலுக்குள் போனது தானாக வெளியே வராது. அதுவும் நான் படிப்பித்ததுதான்.

"மழைக்குள்ள விட்டிட்டு வயலுக்குப் போயிட்டன். என்ர பிழைதான்," என்றார் அக்கா.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அவர் கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெயைக் கொண்டுவந்து, எந்த இடத்தை நெஞ்சென்று பூசுவது என்று தெரியாமல் கழுத்தில் தடவினார். துளசிச் சாறு பருக்கப் பார்த்தார். குளிருமென்று அடுப்படியில் சாக்கு விரித்து வைத்தார். புகை ஆகாது என்பதை மட்டும் சொன்னேன். அதற்கே, ரீச்சர் பக்கத்தில் இருப்பது எவ்வளவு உதவி என்றார்.

மறுநாள் கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோனோம். அக்கா ஆமையை ஓலைக் கடகத்துக்குள் துணி சுற்றி வைத்துத் தன் சைக்கிள் கரியரில் கட்டினார். நான் இன்னொரு சைக்கிளில் பின்னால் போனேன். வைத்தியரோடு கதைக்க எனக்குத்தான் வரும் என்று அழைத்துப் போயிருந்தார். சண்டையால் வன்னிக்குள் மருந்து வராத காலம். அந்த மனிதர் மாடுகளுக்கே ஊசிமருந்தை எண்ணிப் பார்த்துத்தான் பாவித்தார். ஆமை பார்த்துப் பழக்கமில்லை என்று நேர்மையாகச் சொல்லிவிட்டு, அலுமாரியிலிருந்து ஒரு பழைய புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். ஈரத்துணியை ஓட்டின்மேல் விரித்து அதன்மேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"தண்ணிக்குள்ள கிண்ணிக்குள்ள விழுந்ததோ? வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. அப்பிடியெண்டா வேற மாதிரித்தான் பாக்க வேணும்."

அக்கா பக்கத்தில் கடகத்தைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இல்லை," என்றேன்.

என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்கள் பல. அநேகமானவற்றை மறந்துவிட்டேன். இந்த ஒரு சொல் என் குரலிலேயே இன்றைக்கும் கேட்கிறது.

தண்ணீரில் விழவில்லை என்றால் இது குளிரால் வந்த சளி, உடம்பிலும் நீர் வற்றிப்போயிருக்கிறது என்று அவர் முடிவெடுத்தார். நாளுக்கு இரண்டு தரம் தாடைவரை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கால் மணித்தியாலம் விடச் சொன்னார். ஒன்றுவிட்டொருநாள் ஊசி. பின்னங்காலில் போட்டால் மருந்து சிறுநீரகத்தால் போய்விடும் என்பதால் முன்னங்காலில் போடவேண்டும். அவ்வளவு தூரம் அடிக்கடி வர முடியாது என்று எனக்கே ஊசி போடக் காட்டித் தந்து, மருந்துப் போத்தலை ஈரமணல் நிரப்பிய பானைக்குள் வைத்துப் பாவிக்கச் சொன்னார்.

அன்றைக்கே அக்கா தண்ணீர் காய்ச்சி ஓர் அகன்ற பேசினில் ஊற்றினார். ஆமையைக் கிட்டக் கொண்டுபோனதும், அதுவரை சோர்ந்து கிடந்தது நான்கு கால்களையும் உதறத் தொடங்கியது. தண்ணீர் பட்டதும் கழுத்தை நீட்டி வாயைத் திறந்து விழுங்கியது. பேசின் விளிம்பை நகங்களால் பிறாண்டியது. அந்தச் சத்தம் என்னைத் தவிர அங்கே யாருக்கும் தெரியாது.

"முந்தி இது தண்ணிக்குப் பயப்பிடாது ரீச்சர். மழைத்தண்ணிக்குள்ள நிண்டு குடிக்கிறது. ஏன் இப்பிடிச் செய்யுது?"

நோய் வருத்தத்தில் அப்படித்தான் இருக்கும் என்றேன். அக்கா அதன் ஓட்டைத் தடவி, கொஞ்சம் பொறு, ரீச்சர் சொல்கிறா, உனக்கு நல்லதுக்குத்தான் என்று அதற்குச் சொல்லித் திரும்பத் தண்ணீருக்குள் அழுத்திப் பிடித்தார். எனக்கு எழுந்து ஓடவேண்டும் போலிருந்தது. ஓடாமல் பக்கத்தில் குந்திக்கொண்டு மணிக்கூட்டைப் பார்த்தேன்.

மூன்று நாளில் மூச்சுச் சத்தம் வெளி வாசலுக்கே கேட்கத் தொடங்கியது. குமிழ்கள் தடித்து வெள்ளையாகின. ஒரு முறை பேசினில் விட்டபோது ஒரு பக்கமாகச் சரிந்து மிதந்தது. ஒரு பக்க நுரையீரல் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். அக்கா அன்று சமைக்கவில்லை. கண்ணகி அம்மனுக்கு நேர்ந்து, மஞ்சள் துணியில் ஒரு காசுக் குற்றியை முடிந்து சாமி படத்துக்குக் கீழே வைத்தார். இது பிழைத்தால் வற்றாப்பளைக் கோயிலுக்குப் போய்ப் பொங்குவேன் என்றார். நோயைக் கூட்டும் வைத்தியத்தை என் பொய்யால் நான்தான் வாங்கிக் கொடுத்துவிட்டு, அவர் அம்மனிடம் கெஞ்சுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

என் கணவர் அன்று கேள்வி கேட்கவில்லை. "நான் சொல்ல மாட்டன். நீர்தான் சொல்ல வேணும்," என்று மட்டும் சொல்லிவிட்டுச் கிடுகுப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

நான் சொன்னேன். அக்காவிடம் அல்ல. மத்தியானம், பள்ளிக்கூட அலுவல் என்று இன்னொரு பொய்யை வைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போனேன். நுளம்பு, தொட்டி, ஒரு மணித்தியாலம், எல்லாவற்றையும் மேசையைப் பார்த்தபடி சொல்லி முடித்தேன். அவர் கொஞ்ச நேரம் பேனை மூடியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார்.

"அண்டைக்கே சொல்லியிருந்தா இந்த நாள் எல்லாம் மிச்சம். அவவுக்குத் தெரியுமோ?"

இல்லையென்று தலையை ஆட்டினேன். அதற்குமேல் அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். குளிப்பாட்டுவதை உடனே நிறுத்தச் சொன்னார். காலையும் மாலையும் தலை கீழ்ப்பக்கம் இருக்க மெல்லச் சரித்துப் பிடித்து, முன்னங்கால்களை உள்ளும் வெளியுமாக அசைத்து, உள்ளே தேங்கியதை வடியவிட வேண்டும். மற்ற நேரத்தில் பின்பக்கம் உயர்ந்த பலகையில், காய்ந்த சாக்கின்மேல், சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்துப் படுக்கவிட வேண்டும். ஊசியை இரண்டு கிழமை கூட்டித் தந்தார். மாடுகளுக்கு வைத்திருந்த மருந்தில் இது போகிறது என்று அவர் சொல்லவில்லை. போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் மட்டம் பார்த்தபோது எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து, வழியில் வைத்தியரைச் சந்தித்தேன், மருத்துவத்தை மாற்றச் சொன்னார் என்றேன். அக்கா ஏனென்று கேட்கவில்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

அதன் பிறகு நான் அந்த ஆமைக்குச் செய்ததை என் கணவருக்கும் செய்ததில்லை. முதல் நாள் சரித்துப் பிடித்தபோது மூக்காலும் வாயாலும் தடித்த கொழகொழப்பு வடிந்தது. நான் கையாலேயே துடைத்தேன். போத்தல் ஆற ஆறத் தண்ணீர் மாற்றினேன். ஊசி போட்ட இடங்களைக் கொப்பியில் குறித்து வைத்தேன். மாசி கடைசியில் சீழ்க்கைச் சத்தம் குறைந்தது. பங்குனியில் ஒரு காலை, அக்கா நீட்டிய செவ்வரத்தம்பூவின் ஓர் இதழைக் கடித்தது. அக்கா அழுதார். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அன்றிலிருந்து என்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடத் தொடங்கினார். வாய்க்கால்க்கரையில், சங்கக்கடையில், கண்ட கண்ட இடமெல்லாம் ரீச்சர் ஆமைக்கு உயிர் கொடுத்த கதைதான். சுகமில்லாத கோழிகளைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் என்னிடம் வந்தார்கள். நான் யாருடைய முகத்தையும் நேரே பார்க்காமல் பழகிக்கொண்டேன். அதை அடக்கம் என்றும் அக்காவே எடுத்துச் சொன்னார்.

கோயிலின் வைகாசிப் பொங்கல் கூட்டத்துக்கு முந்திய ஒரு திங்கட்கிழமை நேர்த்தி தீர்க்க வற்றாப்பளைக்குப் போனோம். உழவு மெசினின் பெட்டியில் ஏறிப் போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது. கோயில் முன்றலில் மூன்று கல் வைத்து அக்கா பானை ஏற்றினார். பக்கத்தில் பொங்கிய பெண்கள் என்ன நேர்த்தி என்று கேட்க, ஆமையின் கதையைத் தொடக்கத்திலிருந்து சொன்னார். தான் மழைக்குள் விட்ட பாவத்தைச் சொன்னார். பால் நுரைத்து எழுந்தது. அரிசிச் சுளகை என் பக்கம் திருப்பினார்.

"முதல் பிடியை நீங்கள் போடுங்கோ ரீச்சர். உங்கட கையாலதான் அது பிழைச்சது."

அரிசியை அள்ளிவிட்டேன். கை பானைக்குப் போகவில்லை. துணிவு வந்து சொன்னேன் என்று நினைக்க வேண்டாம். அந்த அரிசியைப் போட முடியாததால் சொன்னேன்.

"அக்கா, அது மழையால வந்த வருத்தமில்லை. நீங்கள் புல்லுப் பிடுங்கப் போன அண்டைக்கு நான்தான் அதை மாட்டுத் தொட்டிக்குள்ள விட்டனான். நுளம்புக்கு."

அக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. எந்தத் தொட்டி என்று கேட்டார். சொன்னேன். பக்கத்துப் பெண்கள் தங்கள் பானைகளைப் பார்க்கத் தொடங்கினார்கள். அக்கா என் முகத்தைப் பார்த்தார், என் கையிலிருந்த அரிசியைப் பார்த்தார். பால் விளிம்பால் வழிந்து நெருப்பில் விழுந்தது.

"பால் வழியுது. போடுங்கோ," என்றார்.

போட்டேன். படைத்தோம், கும்பிட்டோம், அவர் எனக்கும் வாழையிலையில் பொங்கல் வைத்துத் தந்தார். வரும் வழியில் பெட்டிக்குள் எதிரெதிரே இருந்தோம். பாதித் தூரம் வந்திருப்போம். மெதுவாக, தனக்கே ஏதோ கணக்குச் சரிபார்ப்பவர் போலக் கேட்டார்.

"டொக்டர் கேக்கேக்க நானும் பக்கத்திலதானே நிண்டனான்?"

"ஓம் அக்கா."

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. மறுநாள் காலை வழமைபோல எங்கள் செம்பில் பால் ஊற்றித் தந்தார். ரீச்சர் என்றே கூப்பிட்டார். என் கணவருக்குத் திரும்பக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தார். குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் நாங்கள் அந்த வளவில் இருந்த மீதிக் காலம் முழுவதும், நான் வாளியோடு கிணற்றடிக்குப் போவதைக் கண்டால், அக்கா செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்து, ஆமையைத் தூக்கிக் குசினிக்குள் விட்டுப் படலையைச் சாத்துவார்.